முகம் மூடிய சந்திரன்

நம் சந்திரனில் காற்று இல்லை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். காற்று இல்லாததால் மேகம் இல்லை, மழை இல்லை. பகலிலும் அங்கே வானம் கறுப்புத்தான். இதைப் படித்துப் படித்து, துணைக்கோள் என்றாலே காற்றற்ற வெறும் பாறை உருண்டை என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

சனிக் கிரகத்தைச் சுற்றிவரும் டைட்டனைப் பற்றித் தெரிந்துகொண்டால் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள். அங்கே பூமியில் இருப்பதைவிட அடர்த்தியான காற்று மண்டலம் இருக்கிறது. மேகம் உண்டு, மழை உண்டு. ஆறுகளும் ஏரிகளும் கடல்களும் உண்டு. ஆனால் அங்கே மழையாகப் பெய்வது தண்ணீர் அல்ல. நம் ஊர் சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகிறதே மீத்தேன், அதுதான் அங்கே கடுங்குளிரில் திரவமாகி மழையாகப் பொழிகிறது.

இவ்வளவு செய்திகளும் நமக்கு எப்படித் தெரிந்தன? டைட்டனைக் கண்டுபிடித்து ஏறத்தாழ 340 ஆண்டுகள் வரை அதன் தரையை ஒருவரும் பார்த்ததில்லை. ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் ஒன்று அதை முழுவதும் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிவதற்கு விஞ்ஞானிகள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

1655ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகென்ஸ், தானும் தன் அண்ணனுமாகக் கண்ணாடிகளைத் தேய்த்துச் செய்த தொலைநோக்கியைச் சனியை நோக்கித் திருப்பினார். அப்போது அவருக்கு வயது 25. சனியின் பக்கத்தில் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. அது நட்சத்திரமா, சனிக்கு உரியதா? பல இரவுகள் தொடர்ந்து பார்த்தார். சனி நகரும்போது புள்ளியும் கூடவே நகர்ந்தது. சுமார் பதினாறு நாளில் ஒருமுறை சனியைச் சுற்றியும் வந்தது. ஆகவே அது சனியின் சந்திரன்தான் என்று முடிவு செய்தார்.

இங்கே வேடிக்கையான ஒரு செய்தி உண்டு. அன்று தெரிந்த கிரகங்கள், பூமியையும் சேர்த்து ஆறு. தெரிந்த சந்திரன்கள் பூமிக்கு ஒன்று, வியாழனுக்கு நான்கு; டைட்டனோடு ஆறு. ஆறும் ஆறும் பொருந்திவிட்டதால் இனி தேட ஒன்றும் இல்லை என்று ஹைகென்ஸ் நினைத்துவிட்டார். பதினாறே ஆண்டுகளில், 1671இல், காசினி என்ற வானியலார் சனிக்கு இன்னொரு சந்திரனைக் கண்டுபிடித்துவிட்டார். இன்று சனிக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட சந்திரன்கள் இருப்பதை அறிவோம். எண்களின் அழகில் மயங்குவது பெரிய அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. டைட்டன் என்ற பெயரை ஹைகென்ஸ் வைக்கவில்லை. 1847இல் ஜான் ஹெர்ஷல் வைத்த பெயர் அது.

அதன் பிறகு நீண்ட காலம் டைட்டன் வெறும் புள்ளியாகவே இருந்தது. 1907இல் பார்சிலோனா நகரத்து வானியலார் கோமாஸ் சோலா, டைட்டனின் வட்டம் நடுவில் பிரகாசமாகவும் விளிம்பில் மங்கலாகவும் தெரிவதாக எழுதினார். அங்கே காற்று மண்டலம் இருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். உறுதியான சான்று 1944இல் கிடைத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள மக்டொனால்டு ஆய்வகத்தில் ஜெரார்டு கைப்பர், டைட்டனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிவிடும். விழுங்கிய இடங்கள் நிறமாலையில் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். கைப்பர் கண்ட பட்டைகள் மீத்தேனுக்கு உரியவை.

ஒரு சந்திரனால் எப்படிக் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ள முடிகிறது? டைட்டன் பெரியது என்பது உண்மைதான். அதன் விட்டம் 5,150 கிலோமீட்டர். புதன் கிரகத்தையும் விட அதிகம். ஆனால் அதில் பாதியளவு பனிக்கட்டியாக இருப்பதால் ஈர்ப்பு குறைவு. டைட்டனை விட்டுத் தப்பிச் செல்ல ஒரு பொருளுக்கு வினாடிக்கு 2.6 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நம் சந்திரனிலிருந்து தப்ப 2.4 கிலோமீட்டர் போதும். பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? வித்தியாசம் குளிரில்தான் இருக்கிறது. சனி, சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. டைட்டனின் தரையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 179 டிகிரி சென்டிகிரேடு. வெப்பம் என்பது மூலக்கூறுகளின் ஓட்டம்தானே? உங்கள் வகுப்பறைக் காற்றில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. டைட்டனின் தரையில் அதே மூலக்கூறு 300 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. மெதுவாக ஓடுகிறவன் வேலியைத் தாண்டுவது கடினம். சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின் தாக்குதலும் அவ்வளவு தொலைவில் வலுக்குறைந்துவிடுகிறது.

காற்று உண்டு என்று தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. 1970களில் ஒரு சாரார் பூமியின் காற்றழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும் என்றார்கள். மற்றொரு சாரார் இருபது மடங்கு இருக்கலாம் என்றார்கள். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு! இதற்கு முடிவு காண ஒரே வழி, பக்கத்தில் போய்ப் பார்ப்பதுதான்.

1977இல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் 1 விண்கலத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. சனியைக் கடந்தபின் புளூட்டோவுக்குப் போகலாம். அல்லது டைட்டனை ஒட்டிச் செல்லலாம். டைட்டனை ஒட்டிச் சென்றால் சனியின் ஈர்ப்பு, கலத்தைக் கிரகங்களின் தளத்துக்கு மேலே தூக்கி எறிந்துவிடும். பிறகு எந்தக் கிரகத்தையும் காண முடியாது. விஞ்ஞானிகள் டைட்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். புளூட்டோ அதற்குப் பிறகு 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1980 நவம்பர் 12. வாயேஜர் 1 டைட்டனை சுமார் 6,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. படங்கள் வந்தன. படத்தில் என்ன தெரிந்தது? ஓர் ஆரஞ்சு உருண்டை. மலை இல்லை, பள்ளம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உயரத்தில் உள்ள மீத்தேனைச் சிதைக்கின்றன; சிதைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிசுபிசுப்பான நுண்துகள்களாகி மிதக்கின்றன. அந்தப் புகையின் மேற்புறத்தைத்தான் காமிரா படம் பிடித்திருந்தது.

ஒரு கிரகத்தையே விட்டுக்கொடுத்து இதற்கா போனோம் என்று அன்று எத்தனை பேர் நினைத்தார்களோ! ஆனால் காமிரா தோற்ற இடத்தில் ரேடியோ வென்றது. வாயேஜர் டைட்டனின் பின்பக்கம் போய் மறையும் நேரத்தில், அது பூமிக்கு அனுப்பிய ரேடியோ அலைகள் டைட்டனின் காற்றுக்குள் புகுந்து வந்தன. தண்ணீர் டம்ளரில் போட்ட கரண்டி வளைந்து தெரிவதுபோல், காற்றில் புகுந்த அலைகளும் வளைந்தன. எவ்வளவு வளைந்தன என்று அளந்து, காற்றின் அடர்த்தியைத் தரை வரைக்கும் கணக்கிட்டுவிட்டார்கள். தரையில் அழுத்தம் பூமியில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. காற்றில் பெரும்பகுதி, நம் காற்றைப் போலவே நைட்ரஜன்.

வெப்பநிலையும் தெரிந்ததும் ஆர்வம் பன்மடங்காயிற்று. காரணம், மீத்தேன் அந்தக் குளிரில் திரவமாக, திடமாக, ஆவியாக என்று மூன்று நிலைகளுக்கும் மிக அருகில் இருக்கும். பூமியில் தண்ணீர் எப்படியோ, டைட்டனில் மீத்தேன் அப்படி. அப்படியானால் அங்கே கடல் இருக்குமா? 1994இல் ஹப்பிள் தொலைநோக்கி, புகையை ஓரளவு ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியில் தரையின் வெளிர்ப்பகுதிகளையும் கருமையான பகுதிகளையும் மங்கலாகக் காட்டியது. கருமையாகத் தெரிந்தவை கடல்களா? நேரில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இறங்குவதற்கான பயணம் 1997 அக்டோபர் 15இல் தொடங்கியது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், இத்தாலிய விண்வெளி நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்த முயற்சி. காசினி என்ற பெரிய தாய்க்கலம் சனியைச் சுற்றும். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் ஹைகென்ஸ் என்ற 320 கிலோ எடையுள்ள சிறு கலம் பிரிந்து டைட்டனில் இறங்கும். ஹைகென்ஸ் நேரடியாகப் பூமிக்குச் செய்தி அனுப்பும் அளவுக்குச் சக்தி உடையதன்று. அது சொல்வதைத் தாய்க்கலம் கேட்டுப் பதிவு செய்து, பிறகு பூமிக்கு அனுப்பவேண்டும்.

சனியை அடைய ஏழு ஆண்டுகள். கலம் போய்க்கொண்டிருக்கும்போது, ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தில் உள்ள ஐரோப்பியக் கட்டுப்பாட்டு நிலையத்தில் போரிஸ் ஸ்மேட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஒரு சோதனை செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். காசினியின் ரேடியோ வாங்கி, ஹைகென்ஸின் குரலைச் சரியாகக் கேட்குமா? புறப்படுமுன் இதை முழுமையாகச் சோதித்திருக்கவில்லை. இப்போது சோதிக்கத் தேவையில்லை என்று சொன்னவர்களும் உண்டு. ஸ்மேட்ஸ் விடவில்லை. 2000 பிப்ரவரியில், கலிபோர்னியாப் பாலைவனத்தில் உள்ள பெரிய ஆன்டெனாவிலிருந்து, ஹைகென்ஸ் பேசுவதைப் போலவே ஒரு போலிச் செய்தியைக் காசினிக்கு அனுப்பினார்கள். அலை போய்ச் சேர்ந்தது. காசினி அதைத் தெளிவாகப் பிடித்தும்விட்டது. ஆனால் திரும்பி வந்த செய்தியைப் படித்துப் பார்த்தால் முழுவதும் குப்பை. ஓர் எழுத்துக்கூட விளங்கவில்லை.

என்ன நடந்தது? நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியின் ஊதலை ரயில் நிலையத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? வண்டி நம்மை நோக்கி வரும்போது ஊதல் கீச்சென்று உயர்ந்து ஒலிக்கும். தாண்டிப் போனதும் சட்டென்று தணிந்துவிடும். டாப்ளர் விளைவு என்பது இதுதான். நெருங்கி வரும் பொருளிலிருந்து அலைகள் நெருக்கியடித்து வருகின்றன. விலகும் பொருளிலிருந்து இடைவெளி விட்டு வருகின்றன. ரேடியோ அலைக்கும் இதே விதிதான்.

பழைய திட்டப்படி, ஹைகென்ஸ் இறங்கும்போது காசினி அதை நோக்கி வினாடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். அதனால் அலையின் அதிர்வெண் சற்று உயரும். இதை வடிவமைத்தவர்கள் மறக்கவில்லை. உயர்ந்த அதிர்வெண்ணைத் தேடிப் பிடிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் அலை நெருக்கியடித்து வந்தால், அதில் ஏறிவரும் செய்தியின் துடிப்புகளும் நெருக்கியடித்து வருமல்லவா? அதற்கு ஏற்பாடு இல்லை. பாடகர் காலத்தைச் சற்றே விரைவுபடுத்திப் பாடும்போது மிருதங்கக்காரர் பழைய வேகத்திலேயே வாசித்தால் என்ன ஆகும்? முதல் ஆவர்த்தனத்தில் தெரியாது. போகப்போகத் தாளம் தப்பிவிடும். இங்கே வேறுபாடு ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது போதும், தாளம் தப்புவதற்கு.

வாங்கியின் வேகத்தை மாற்ற வழி இல்லையா? இல்லை. மாற்றவேண்டிய பகுதி, பூமியிலிருந்து கட்டளை அனுப்பித் திருத்தக்கூடியதாக அமைக்கப்படவில்லை. கலமோ கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். ஹைகென்ஸ் டைட்டனில் இறங்கும், படம் எடுக்கும், எல்லாவற்றையும் சொல்லும். ஆனால் கேட்பவனுக்கு ஒன்றும் புரியாது. இப்படி முடிந்துபோக இருந்தது அந்தப் பயணம்.

கருவியை மாற்ற முடியாதென்றால் பாதையை மாற்றலாம் என்று முடிவாயிற்று. மீண்டும் ரயிலுக்கே வாருங்கள். தண்டவாளத்தை ஒட்டி நிற்காமல், வெகுதூரம் தள்ளி வயல்நடுவில் நின்று கேளுங்கள். வண்டி உங்கள் எதிரே குறுக்காகக் கடக்கும் நேரத்தில் அது உங்களை நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. ஊதல் ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் கேட்கும். காசினியும் அதையே செய்தது. டைட்டனை 1,200 கிலோமீட்டரில் ஒட்டிப் போவதற்குப் பதிலாக, 60,000 கிலோமீட்டர் தள்ளிக் குறுக்காகக் கடக்கும்படி பாதை அமைத்தார்கள். இதனால் 2004 நவம்பரில் நடக்கவேண்டிய இறக்கம் 2005 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் மிக அழகான வேலை இதுதான். பள்ளியில் படிக்கும் ஒலியியல் பாடத்தை வைத்து, கைக்கு எட்டாத ஒரு கருவியின் கோளாறை வென்றுவிட்டார்கள்.

2005 ஜனவரி 14. ஹைகென்ஸ் வினாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் டைட்டனின் காற்றில் புகுந்தது. வெப்பக் கவசம் வேகத்தைக் குறைத்தது, பாராசூட்டுகள் விரிந்தன. இரண்டு மணி 27 நிமிட நேரம் அது மிதந்து மிதந்து இறங்கிற்று. தரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்த பிறகே புகை விலகியது. கீழே தெரிந்ததைப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். வெளிர் நிறக் குன்றுகள். அவற்றின் சரிவில் கிளைகிளையாகப் பிரிந்த கருமையான ஓடைகள். அவை போய்ச் சேரும் ஒரு சமவெளி. விமானத்திலிருந்து நம் நாட்டு ஆற்றுப்படுகையைப் பார்ப்பதுபோல் இருந்தது!

அன்றும் ஒரு தவறு நடந்தது. ஹைகென்ஸ் இரண்டு தடங்களில் பேசியது. முதல் தடத்துக்கான வாங்கியை இயக்கும் கட்டளை காசினிக்குக் கொடுத்த நிரலில் விடுபட்டுப்போயிற்று. படங்களை இரு தடங்களுக்கும் பங்கிட்டு அனுப்பியதால் ஏறக்குறைய 350 படங்கள், அதாவது பாதி, இழப்பு. மற்ற அளவைகள் பெரும்பாலும் இரண்டாம் தடத்திலும் வந்ததால் தப்பின. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை மட்டும் முதல் தடத்தையே நம்பியிருந்தது.

ஆனால் அந்தத் தடத்தின் அலையை வேறு சிலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் கிரீன் பாங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் முதலிய ரேடியோ தொலைநோக்கிகள் 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த அந்த முணுமுணுப்பைப் பிடித்துவிட்டன. அதன் ஆற்றல் சுமார் பத்து வாட். ஓர் இரவு விளக்கு அளவு. பூமியை அடைய 67 நிமிடம் ஆயிற்று. செய்தியைப் படிக்க முடியாவிட்டாலும் அலையின் ஏற்ற இறக்கத்தை அளக்க முடிந்தது. பாராசூட்டைக் காற்று தள்ளும் வேகத்துக்கு ஏற்ப அதிர்வெண் மாறுமல்லவா? முன்பு பயணத்தையே கெடுக்க இருந்த அதே டாப்ளர் விளைவைக்கொண்டு, 120 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதையும், தரைக்கு அருகில் மெல்லிய தென்றலே இருப்பதையும் கணக்கிட்டார்கள்.

ஹைகென்ஸ் இறங்கிய இடம் ஈர மணல் போன்ற மிருதுவான தரை. சுற்றிலும் கூழாங்கற்கள், அவை ஓடும் திரவத்தில் உருண்டு தேய்ந்தவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கல் என்றா சொன்னேன்? அவை தண்ணீர்ப் பனிக்கட்டிகள். அந்தக் குளிரில் பனிக்கட்டி கருங்கல்லைப்போல் இறுகிவிடும். கலத்தின் கதகதப்பு பட்டதும் மண்ணிலிருந்து மீத்தேன் ஆவி எழும்பிற்று. வெளிச்சம் நம் பகல் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காசினி தொடுவானத்தில் மறையும்வரை, தரையிலிருந்து 72 நிமிடம் ஹைகென்ஸின் செய்திகள் வந்தன.

ஆனால் கடல் எங்கே? இறங்கிய இடத்தில் இல்லை. நடுக்கோட்டுப் பகுதியில் கருமையாகத் தெரிந்தவை மணல்மேடுகள் என்று காசினியின் ரேடார் காட்டியது. 2006 ஜூலையில் அதே ரேடார் வடதுருவத்தைப் பார்த்தபோது மையைக் கொட்டியதுபோல் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. இருட்டறையில் முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி மறுபக்கம் தெறித்துப் போய்விடும், உங்களுக்குக் கண்ணாடி கறுப்பாகத் தெரியும். அலையில்லாத திரவப்பரப்பும் ரேடார் அலையை அப்படியே தெறிக்கவிடுகிறது. மீத்தேனும் ஈத்தேனும் கலந்த ஏரிகளும் கடல்களும் அவை. மிகப் பெரிதான கிராக்கன் கடல், நம் காஸ்பியன் கடலையும் விடப் பெரியது. லிஜீயா என்ற மற்றொரு கடலின் அடிவரை ரேடார் ஊடுருவிச் சென்று திரும்பியது. ஆழம் சுமார் 160 மீட்டர். பூமிக்கு வெளியே ஒரு கடலின் ஆழத்தை மனிதன் அளந்தது அதுவே முதல் தடவை.

காசினி 2017 செப்டம்பர் 15இல் சனியின் காற்றில் விழுந்து எரிந்தது. அதற்குள் டைட்டனை 127 தடவை நெருங்கிக் கடந்திருந்தது. ஆயினும் ஒரு புதிர் தீரவில்லை. சூரிய ஒளி மீத்தேனை ஓயாமல் சிதைக்கிறது. இந்தக் கணக்கில் சில கோடி ஆண்டுகளிலேயே எல்லாம் தீர்ந்துபோயிருக்கவேண்டும். தீரவில்லை. எங்கிருந்தோ மீத்தேன் ஊறிக்கொண்டிருக்கிறது.

அடுத்துப் போக இருப்பது டிராகன்பிளை, அதாவது தும்பி. எட்டு சுழல்விசிறிகள் கொண்ட பறக்கும் ஆய்வுக்கூடம். அடர்ந்த காற்றும், பூமியில் ஏழில் ஒரு பங்கே ஆன ஈர்ப்பும் இருப்பதால் டைட்டனில் பறப்பது மிக எளிது. 2028இல் புறப்பட்டு 2034இல் போய்ச் சேரவேண்டும் என்பது நாசாவின் திட்டம். இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவர் அதற்குள் கல்லூரியை முடித்திருப்பார்.

அதுவரை காத்திருக்காமல் நீங்களே டைட்டனைப் பார்க்கலாம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பள்ளியிலோ அருகிலுள்ள வானியல் கழகத்திலோ மூன்று அங்குலத் தொலைநோக்கி இருந்தால் போதும். சனியின் பக்கத்தில், மற்றவற்றைவிடச் சற்றுப் பிரகாசமாக ஒரு புள்ளி தெரியும். வளையத்தின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு தொலைவு வரை அது விலகிப் போகும். ஒவ்வோர் இரவும் அது இருக்கும் இடத்தை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டு வாருங்கள். புறப்பட்ட இடத்துக்கு எத்தனை நாளில் திரும்புகிறது என்று எண்ணுங்கள். ஹைகென்ஸுக்கு முதலில் கிடைத்த விடை 16 நாள் 4 மணி. சரியான விடை 15 நாள் 22 மணி 41 நிமிடம். உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.